சீதா எலியவும் அரசுகளின் கொடையும்: மலைநாட்டுக் கோயிற் பணத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2025ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, கொழும்பில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுடன் நடத்திய பேச்சுவார்த்தையின் பின்னர் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி சில உதவித் திட்டங்களை அறிவித்தார். அவற்றுள் மூன்று வழிபாட்டுத் தலங்களின் பெயர்கள் இடம்பெற்றன. திருகோணமலைத் திருக்கோணேச்சரம், அநுராதபுரப் புனித நகரத் திட்டம், நுவரெலியாவை அடுத்துள்ள சீதா எலியக் கோயில் என்பனவே அவை. இவற்றின் அபிவிருத்திக்கு இந்திய அரசு துணைசெய்யும் என்பது அறிவித்தலின் சாரம். கோணேச்சரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். அநுராதபுரம் இந்நாட்டின் மிகப் பழைய தலைநகரம். மூன்றாவதாகக் கூறப்பட்டதோ, நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியின் ஓரத்திலே, நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவு தொலைவில், ஓடையொன்றை ஒட்டி நிற்கும் சிறிய கோயில். இவ்விரு பெருந்தலங்களோடு அது ஒரே மூச்சிற் பேசப்படும் நிலையை எவ்வாறு எய்தியது என்பது வரலாறு பயில்வோர் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

சீதை இவ்விடத்திற் சிறையிருந்தாளா என்னும் ஆராய்ச்சி எமது நோக்கமன்று. அடியார் ஒருவர் அவ்வாறு நம்பித் தொழுவாராயின் அந்த நம்பிக்கைக்கு எவரும் சான்றிதழ் வழங்கவேண்டியதில்லை. நாம் இங்கு தொடர முற்படுவது வேறொரு தடத்தை. ஒரு கோயிலுக்குப் பணம் கொடுத்தவர் யார், எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தார், கொடுத்ததனால் எதனைப் பெற்றார் என்பன கல்வெட்டுக்களை வாசிப்போர் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள். தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்று எண்ணிப்பார்க்கும் நாம், எம்முடைய காலத்துக் கோயில்களிடம் அதே வினாக்களைக் கேட்பதற்குக் கூச்சப்படுதல் ஆகாது.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'எலிய' என்னும் சிங்களச் சொல் ஒளியையும், காடு விலகிய வெளியையும் குறிக்கும். சீதா எலியவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் ஹக்கல தாவரப் பூங்கா. அது 1861ஆம் ஆண்டிலே சிங்கோனாப் பயிரைப் பரிசோதிப்பதற்காக ஆங்கில அரசினால் அமைக்கப்பட்டது. பூங்காவுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் பாறையை, அனுமன் தூக்கிவந்த மலையின் சிதறல் என்று வழிகாட்டிகள் கூறுவர். ஓடைக்கரைப் பாறையிலுள்ள குழிகள் அனுமனின் பாதச்சுவடுகள் எனவும், அப்பகுதியின் கருமண் இலங்காதகனத்தின் எச்சம் எனவும் காட்டப்படுகின்றன. மண்ணியல் படித்தவர்கள் ஈரப் பத்தனைப் புல்வெளிகளின் மக்கிய கருமண் என்று அதனை இனங்காண்பர். அசோக மரமோ தாழ்நிலக் காடுகளுக்கு உரியது. ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்திலே, மார்கழி, தை மாதங்களில் உறைபனி படரும் வெளியிலே, அது இயல்பாக வளர்வதில்லை. எனினும் அசோகவனம் என்ற பெயர் இவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. பெயர்கள் மரங்களைவிட எளிதில் வேர்விடுவன.

இலங்கை வரலாற்று நூல்களுள் மகாவம்சம் இராவணனை இந்நாட்டின் மன்னர் வரிசையிற் சேர்க்கவில்லை. பிற்கால இராஜாவலியவும் கண்டிக் காலத்துச் சிங்கள ஏடுகளுமே அவனுக்கு இடமளிக்கின்றன. சிங்கள இலக்கியத்தில் இராவணன் பெற்ற இடத்திற்கும் தென்னிந்தியத் தொடர்புகளுக்கும் உள்ள உறவை ஜஸ்ரின் ஹென்றி தமது 'இராவணனின் இராச்சியம்' என்னும் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ் மரபிலோ இராவணன் கோணமலையோடு பிணைக்கப்பட்டவன். தட்சிண கைலாச புராண மரபும், 'இராவணன் வெட்டு' என்ற பெயரும், கன்னியா வெந்நீரூற்றுக் கதையும் அதற்குச் சான்று. நுவரெலியா மலைகளைப் பழைய தமிழ்ப் புராணங்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆகவே இன்று உலகறிந்த 'இராமாயணத் தலமாக' நுவரெலியா விளங்குவதற்குரிய காரணத்தைப் புராணங்களிலன்றிப் பின்வந்த வரலாற்றிலேயே தேடவேண்டும்.

அரசு சமயத்திற்குப் பொருள் கொடுப்பது இலங்கையிற் புதுமையன்று. கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவும், பின்னர் கண்டியை ஆண்ட கீர்த்தி சிறீ இராஜசிங்கனும் முன்னேச்சரத்திற்கு மானியமளித்தனர். 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை, அதன் ஐந்தாம் வாசகத்தினால், பௌத்த சமயத்தைப் பேணும் பொறுப்பை ஆங்கில ஆட்சியின் தலையிற் சுமத்தியது. மிஷனரிமாரின் எதிர்ப்பினால் 1840களில் அப்பொறுப்பை அரசு மெல்லக் கழற்றிக்கொண்டது. வேடிக்கை யாதெனில், பௌத்த விகாரைகளுக்குப் பொதுப்பணம் செலவிடலாகாது என வாதித்த அக்காலத்திலேயே, ஆங்கிலத் திருச்சபைக் குருமாரின் சம்பளம் அதே பொதுப்பணத்திலிருந்து வழங்கப்பட்டு வந்தது. 1880களிலேதான் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பட்டது. அதைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி நட்டவர்களின் கோயில்களுக்கு எந்த அரசும் ஒரு சதமேனும் கொடுத்ததில்லை. சுதந்திரத்தின் பின்னர் 1972, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கள் பௌத்தத்திற்கு முதன்மையிடம் அளித்ததும், ஏனைய சமயங்களுக்கெனத் திணைக்களங்கள் தோன்றியதும் யாவரும் அறிந்தவை.

மலைநாட்டுத் தோட்டக் கோயில்களின் கதை இங்கே சற்று விரிவாக நோக்கற்பாலது. ஏனெனில் சீதா எலியவின் இன்றைய நிலையை அளப்பதற்கு வேறு அளவுகோல் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, உயிர் பிழைத்து மலையேறிய கூலிகள் தம்மோடு கொண்டுவந்தது மாரியம்மனின் பெயரை. பெரும்பாலான தோட்டங்களில் முதலில் எழுந்தது ஒரு மரத்தடிக் கல்; பின்னர் தகரக் கூரை; அதன் பின்னர் சிறு கட்டடம். கண்டி, மாத்தளை போன்ற நகரங்களின் பெருங்கோயில்களை நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் ஏனைய வணிகரும் தாங்கினர். தோட்டத்துக் கோயிலைத் தாங்கியது நாட்கூலி. தலைக்கு இவ்வளவு எனச் சந்தா விதித்து, அதனைச் செக்றோலிலேயே கழித்துக் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. துரை திருவிழாவிற்கு வந்து மாலை பெற்றுச் செல்வார். பெரிய கங்காணிக்கு முதல் மரியாதை. செலவு லயத்துக் காம்பிராக்களினுடையது. கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கைகூடக் கம்பனியின் கணக்கேட்டின் ஊடாகவே சென்றது என்பதைத் தோட்ட அமைப்பை ஆராய்வோர் மறத்தலாகாது.

தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றில் நாம் ஒரு திருவிழாக் கணக்கேட்டைப் பார்த்தோம். பாடசாலை அப்பியாசக் கொப்பி ஒன்று. பந்தல், மேளம், தப்பு, கரகம், ஒலிபெருக்கி, ஐயர் தட்சணை என்று ஒரு பக்கத்தில். பெயர்களும் அவற்றுக்கு நேரே தொகைகளும் மறுபக்கத்தில். கொடுக்காதவர் பெயருக்கு எதிரே 'சுகமில்லை', 'வேலை இல்லை' என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. இறுதியில் மீதி எவ்வளவு, அது யாரிடம் உள்ளது என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. எத்தனையோ அரச நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிற் காணக்கிடையாத தெளிவு அது.

மலையகத்து மக்கள் இவ்வாறு பேணிய தெய்வங்களின் தொகுதி தனித்தன்மை வாய்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனி, கவ்வாத்துத் தொடங்குமுன் கத்தி வைத்து வணங்கப்படும் கவ்வாத்துச் சாமி ஆகிய தெய்வங்கள் வேறெந்த நாட்டிலும் பிறந்திருக்க முடியாதவை. அவை தேயிலைத் தொழிலின் ஊடாகவே உருவானவை. மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கூத்தும், அருச்சுனன் தபசும் அம்மக்களின் சமய வாழ்வோடு இணைந்தவை. ஆயினும் உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்படும் எந்தப் படத்திலும் ரோதை முனிக்கு ஒரு புள்ளியேனும் கிடையாது.

இக்கோயில்கள் நிற்கும் நிலம் எவருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. நிலம் குத்தகையில் விடப்பட்டது. அதாவது, நூற்றைம்பது ஆண்டுகளாக வணங்கிவரும் மாரியம்மன் அரசின் நிலத்தில், கம்பனியின் குத்தகையில், தொழிலாளரின் சந்தாவில் வாழ்கிறாள். இதனினும் வியப்பானது உள்ளூராட்சிச் சட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் தமது நிதியைத் தாராளமாகச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அம்மக்கள் நடக்கும் பாதையைச் செப்பனிடச் சட்டப்படி தயங்கியது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே அத்தடை நீங்கியது. 1948இல் பிரசாவுரிமையை இழந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் எஞ்சியோர் காத்திருந்த ஒரு சமூகத்திற்கு, வாக்குரிமை மீண்ட பின்னருங்கூடப் பொதுப்பணம் வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை என்பது இதன் பொருள்.

மேற்கூறிய பின்னணியிலேதான் சீதா எலியவின் புதிய வரலாறு தொடங்குகின்றது. அக்கோயிலும் முதலில் மலைநாட்டுத் தமிழரின் வழிபாட்டிடமாகவே விளங்கியது. ஓடையிலிருந்து பழைய விக்கிரகங்கள் எடுக்கப்பட்டன என்னும் கதை அதன் தோற்றத்தைப் பற்றி வழங்குகின்றது. அது பிரதான வீதியின் ஓரத்தில் அமைந்ததும், கொடிய தெய்வமொன்றிற்கன்றி அனைத்திந்தியரும் அறிந்த சீதைக்கு உரியதாக இருந்ததும் அதன் பிற்கால உயர்வுக்கு வாய்ப்பளித்தன.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க உல்லாசப் பிரயாணச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபொழுது, இத்துறையை மேம்படுத்தும் பணியகம் ஒன்று உருவாயிற்று. அதன் நிதிக்கு வழியும் சட்டத்திலேயே வகுக்கப்பட்டது: பதிவுபெற்ற விடுதிகள் முதலியவற்றின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஒரு வீத அறவீடும், விமான நிலையப் புறப்பாட்டு வரியின் மூன்றிலொரு பங்கும் அதற்குரியன. இவ்விரண்டும் பொதுப்பணமே. இப்பணத்தைக் கொண்டு இந்தியப் பயணிகளைக் கவர்வதற்காக வகுக்கப்பட்ட திட்டங்களுள் முதன்மையானது 'இராமாயணப் பாதை'. ஐம்பதளவான இடங்கள் அடையாளங் காணப்பட்டன. அவற்றுட் பல நுவரெலியா, பதுளை மாவட்டங்களைச் சார்ந்தவை. உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்த அந்நாட்களில் மேலைநாட்டார் வருகை தளர்ந்திருந்தது. இந்தியரின் வருகை வளர்ந்துகொண்டிருந்தது. வாணிகக் கணக்கு தவறவில்லை. 2024இல் இலங்கைக்கு வந்த 20 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட பயணிகளுள் 4 இலட்சத்திற்கு அதிகமானோர் இந்தியரே.

ஆயின் வாணிகக் கணக்கு சரியாயிருந்தமையால் வரலாற்றுக் கணக்கும் சரியாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. அரச நிறுவனமொன்று தனது முத்திரையுடன் 'சீதை சிறையிருந்த இடம்' என அச்சிடும்பொழுது, ஐதீகம் அரசாங்க அறிவித்தலாக மாறுகின்றது. இத்தகைய இடங்கள் எவ்வித தொல்லியற் சான்றுமின்றிக் காட்டப்படுவதை இந்நாட்டு அறிஞர் பலர் கண்டித்தனர். ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையும் 2014இல் தனது ஏட்டில் இவ்விவாதத்திற்கு இடமளித்தது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் அதிலே எமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. கதை பொய் என்று நிறுவுவதில் அறிஞர் காட்டிய ஊக்கம், அக்கதை சொல்லப்படும் நிலத்திலே கொழுந்து பறிப்பவர் யார் என்று கேட்பதிற் காட்டப்படவில்லை.

பொதுப்பணத்தைக் கொண்டு சமயக் கதையொன்றை உல்லாசத் தலமாக்குவது எமது நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்திலே 2016 ஜூலையில் நோவாவின் பேழையைப் பெருமரக் கட்டடமாக அமைத்துத் திறந்தனர். விற்பனை வரியில் ஏறத்தாழ 180 இலட்சம் டொலர் வரை திருப்பிக் கொடுக்கும் சலுகையை அதற்கு வழங்க மாநில அரசு மறுத்தது. மறுத்தது தவறு, சமய நோக்குடையது என்பதனால் ஓர் உல்லாசத் தலத்தை விலக்கலாகாது எனச் சமஷ்டி நீதிமன்றம் அவ்வாண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். ஆனால் அங்கே தொகை யாது, நிபந்தனை யாது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பன யாவும் நீதிமன்றத்தின் முன் வைத்து வாதிக்கப்பட்டன. இந்தியாவிலே 2014 - 15இல் தொடங்கப்பட்ட சுவதேச தரிசனத் திட்டம், ஒன்பது மாநிலங்களின் 15 இடங்களை இராமாயணச் சுற்றாக இணைத்து மத்திய அரசின் நிதியை அவற்றிற்கு வழங்கியது. அயோத்திக் கோயில் அறக்கட்டளையின் நன்கொடையால் எழுந்தது. அதனைச் சூழ்ந்த வீதிகளும் விமான நிலையமும் அரசின் பணத்தால் எழுந்தன. 2018 நவம்பரிலே தில்லியிலிருந்து இராமேச்சுரம் வரை விடப்பட்ட இராமாயணப் புகைவண்டியின் பயணிகள், விரும்பினால் சென்னையிலிருந்து விமானமேறிக் கண்டி, நுவரெலியா முதலிய இடங்களையும் பார்த்து வரலாம் என ஏற்பாடாயிற்று. இவ்வாறு சீதா எலிய, இந்திய அரசின் திட்டமொன்றின் கடல்கடந்த வாலாக அமைந்தது.

இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி மத்தியப் பிரதேச அரசின் முயற்சி. அம்மாநில முதலமைச்சராக விளங்கிய சிவராஜ் சிங் சௌகான், சீதைக்கு இலங்கையில் ஒரு கோயில் எழுப்பப்படும் என அறிவித்தார். அதற்கென ஒரு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது நிகழ்ந்தது 2012ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி, சாஞ்சியிலே பௌத்தப் பல்கலைக்கழகமொன்றிற்கு அடிக்கல் நாட்டும் விழாவிற்கு ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அழைக்கப்பட்டதும், வைகோ தலைமையில் தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் அதனை எதிர்த்ததும் நினைவிருக்கலாம். சாஞ்சியிற் பௌத்தம், இலங்கையிற் சீதை என்று இரு அரசுகளும் ஒன்றையொன்று மகிழ்விக்கும் பரிமாற்றமாகவே அது அமைந்தது. கோயில் எழவேண்டிய இடமாகப் பேசப்பட்டது சீதா எலியவுமன்று. அக்கினிப் பரீட்சை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும், வெலிமடைப் பக்கத்துத் திவுரும்பொல. அங்கே இருப்பது ஒரு பௌத்த விகாரை.

ஆண்டுகள் கழிந்தன, கோயில் எழவில்லை. 2018 இறுதியிற் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. 2019 ஜூலையில் அவ்வரசின் அமைச்சர் ஒருவர், அதிகாரிகளை இலங்கைக்கு அனுப்பி விடயத்தை ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்கப்படும் என்று கூற, சீதையைக் கவர்ந்து சென்றதற்கே சான்று தேடுகிறார்களா என எதிர்க்கட்சியினர் கொதித்தெழுந்தனர். பொதுப்பணத்தைச் செலவிடுமுன் இடத்தைப் பார்த்துவரச் சொல்வது எந்த அரசுக்கும் உரிய சாதாரண கடமை. ஆயின் செலவின் பெயர் பக்தியாக இருக்கும்பொழுது அந்தச் சாதாரண கடமையே நிந்தனையாகத் தோன்றுகின்றது. கண்டனத்திற்கு அஞ்சியோ, வேறு காரணத்தாலோ, 2020 ஜனவரியில் முதலமைச்சர் கமல்நாத் தாமே கோயிலைக் கட்டப்போவதாகவும், இலங்கை மகாபோதிச் சங்கத்தவரையும் சேர்த்துக் குழு அமைக்கப்படும் எனவும் அறிவித்தார். மார்ச் 20ஆந் திகதி அவர் பதவி விலகினார். மூன்று நாட்களின் பின் சௌகான் மீண்டும் முதலமைச்சரானார். இரு கட்சிகளும் வாக்குறுதியை மாறி மாறிச் சுமந்தன.

ஈண்டு ஒரு குறிப்பைச் சேர்க்காது செல்ல மனம் வரவில்லை. இந்தூரைச் சேர்ந்த மா. வி. கீபே என்னும் அறிஞர் 1920களில், இராவணனின் இலங்கை இந்துமாகடலிலன்றி மத்திய இந்தியாவின் அமர்கண்டகத்தை அடுத்தே இருந்ததென வாதித்தார். தொல்லியலாளர் ஹ. தீ. சங்காலியாவும் பிற்காலத்தில் இராமாயண இலங்கையை மத்திய இந்தியப் பிரதேசத்திலேயே தேடினார். அமர்கண்டகம் இன்று மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. அவ்வறிஞர்களின் கூற்று மெய்யாயின், அம்மாநில அரசு தன் வீட்டுக் கொல்லையிற் கட்டவேண்டிய கோயிலைக் கடல்கடந்து கட்ட முற்பட்டதாகும்!

இதே காலத்தில் இலங்கையில் எதிர்த்திசையிலும் ஒரு காற்று வீசிற்று. சீதையைச் சிறைவைத்தவனாகவன்றி, ஆதிச் சிங்களப் பேரரசனாக இராவணனைப் போற்றும் இயக்கம் யுத்தத்தின் பின் வலுப்பெற்றது. 2019இல் விண்ணிற் செலுத்தப்பட்ட இந்நாட்டின் முதற் செய்மதிக்கு 'ராவணா - 1' எனப் பெயரிடப்பட்டது. 2020 ஜூலையிலே, இராவணனின் வான்பயணம் பற்றிய ஏடுகளும் ஆவணங்களும் உள்ளோர் தந்துதவுமாறு அரசின் சார்பிற் பத்திரிகை விளம்பரம் வெளியாயிற்று. ஆக, ஒரே திறைசேரியிலிருந்து சீதையைக் காட்டவும் பணம் செலவாயிற்று. இராவணனைத் தேடவும் செலவாயிற்று. இருவர் கதையிலும் மலையகத் தமிழருக்கு இடமில்லை. முதலாவதில் அவர் பயணியின் புகைப்படத்திற் பின்னணியாக நிற்கும் பச்சை மலையின் ஒரு பகுதி, இரண்டாவதில் அந்நியர்.

2021இல் சீதா எலியவிலிருந்து ஒரு கல் எடுக்கப்பட்டு, இந்தியாவிலிருந்த இலங்கை உயர்ஸ்தானிகர் மிலிந்த மொரகொடவின் ஊடாக அயோத்திக்குச் சென்றது. 2024 மே 19ஆந் திகதி நிகழ்ந்த கும்பாபிஷேகத்திற்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து நீர் வந்தது. அதனை அனுப்பும் ஏற்பாட்டை உத்தரப் பிரதேச அரசு செய்தது. சிறீ சிறீ ரவிசங்கர் விழாவிற் கலந்துகொண்டார். தோட்டத் தொழிலாளரின் தெய்வமாகத் தொடங்கிய அம்மன், அரசுகள் பேசிக்கொள்ளும் மொழியின் ஒரு சொல்லாக மாறிய கதை இவ்வாறு நிறைவெய்தியது. 2025ஆம் ஆண்டு அறிவித்தல் அதன் இயல்பான அடுத்த படியே. இதற்கு மாறாக, றம்பொடை மலையில் 2001ஆம் ஆண்டு எழுந்த அனுமன் கோயில் சின்மயா மிஷனின் முயற்சியாலும் அடியார் நன்கொடையாலும் உருவானது. அதற்கும் பயணிகள் திரளாக வருகின்றனர். அரச நிதியின்றியும் இத்தலங்கள் வளரும் என்பதற்கு அது போதிய சான்று.

இந்திய அரசின் உதவியைக் குறைத்துரைப்பது எமது எண்ணமன்று. 2017 மே 12ஆந் திகதி டிக்கோயாவில் இந்திய நிதியாற் கட்டப்பட்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. அன்றே நோர்வூட்டில் 10,000 வீடுகள் மேலதிகமாக வழங்கப்படும் எனப் பிரதமர் மோடி அறிவித்தார். 2023 ஜூலையில் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி 75 கோடி இந்திய ரூபாய்ப் பெறுமதியான திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இவை மக்களை நோக்கிய கொடைகள். ஆயின் 2017இல் அறிவிக்கப்பட்ட வீடுகளில் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கான வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். பணம் கொடுக்கும் நாட்டின் தாமதம் மாத்திரம் இதற்குக் காரணமன்று. நிலத்தைப் பிரித்து உறுதி வழங்குவதில் அரசும் கம்பனிகளும் காட்டிய தயக்கமும் அதிற் பெரும்பங்கு. ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்ற பேச்சே ஆண்டுகளை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டைத் தாக்கி 600க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபொழுது, மலைச்சரிவில் வீடு வைத்திருப்பது எத்தகைய அபாயம் என்பதை மத்திய மலைநாடு மீண்டும் கண்டது. கோயிலுக்கோ நிலச் சிக்கல் குறைவு, அது வீதியோரம் நிற்கிறது, படமெடுக்க வாய்ப்பானது. திறப்பு விழாவும் எளிது.

ஆகவே சீதா எலியவிற்கு அரச நிதி வருவதை எதிர்ப்பதைவிட, அதன் நிபந்தனைகளைக் கேட்பதே பயனுடையது என்பது எமது கருத்து. அரச மானியம் கோயிற் பரிபாலனத்தின் கைக்கு வந்தபின், அதன் கணக்கை யார் பார்ப்பார்? கட்டட வேலையிலும் கடைகளிலும் வழிகாட்டும் தொழிலிலும் சுற்றியுள்ள தோட்டத்து இளைஞருக்குப் பங்குண்டா? பயணிகளுக்கென வைக்கப்படும் விளம்பரப் பலகையில், 'ஐதீகம்' என்ற ஒரு சொல்லும், இம்மலைகளைத் திருத்திய மக்களைப் பற்றிய இரண்டு வரிகளும் இடம்பெறுமா? 2024 செப்ரெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலியிலிருந்து தோட்டத்து மாரியம்மனுக்குச் சந்தா கொடுத்தவருக்கு, இவ்வினாக்களைக் கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு.

எமது பல்கலைக்கழகத்தில் வரலாறும் பொருளியலும் சமூகவியலும் பயிலும் மாணவருள் கணிசமானோர் இன்று மலையகத்திலிருந்து வருபவர்கள். அவர்களது வீட்டுப் பெட்டிகளிலும் தோட்டத் தலைவர்மாரின் அலுமாரிகளிலும் பழைய திருவிழாக் கணக்கேடுகள் இன்னும் கிடக்கின்றன. கறையான் அரித்த பக்கங்களாயினும் அவை கல்வெட்டுக்கு நிகரான ஆவணங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வோர் அவற்றைப் படியெடுத்து வருவாராயின், இக்கட்டுரையில் ஒரு கொப்பியை மட்டும் கொண்டு கூறியவற்றை நூறு கொப்பிகளைக் கொண்டு திருத்தி எழுதலாம். கொடுக்காதவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட காரணங்களையும் தவறாது படியெடுக்கவேண்டும்.